தமிழ்ப் புனைவில் மரபணு: மதுரையை முன்வைத்துச் சில கேள்விகள்

தமிழ்க் கதையிலும் திரைப்படத்திலும் மரபணு பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்கிறது. இழந்த பெருமை ஒன்றை நாயகனின் உடலுக்குள் ஒளித்துவைத்து, கடைசிக் கட்டத்தில் வெளியே எடுத்துக் காட்டுகிறது. தாத்தாவின் வித்தை பேரனுக்கு வருமா, பழைய எலும்பைக் கொண்டு இன்றைய வாரிசைக் கண்டுபிடிக்கலாமா, டி.என்.ஏ சோதனை சாதியைச் சொல்லுமா என்பவை இத்தகைய கதைகளுக்குப் பின்னால் இருக்கும் கேள்விகள். இவற்றுக்கு மரபியலில் பதில் உண்டு. பதில் பெரும்பாலும் 'இல்லை' என்பதால் எழுத்தாளர்கள் அதைக் காதில் வாங்குவதில்லை. அந்த 'இல்லை'க்குப் பின்னால் இன்னும் நல்ல கதைகள் இருக்கின்றன என்பதை மரபியல் அறிந்தவர்களும் எடுத்துச் சொல்வதில்லை.

இக்கேள்விகளை மதுரையை வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மனிதக் குடிபெயர்வை மரபணு வழியே ஆராய்ந்த முக்கியமான இந்திய ஆய்வுக்கூடங்களில் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தது. குணம் பரம்பரையாக வரும் என்ற நம்பிக்கை சட்டமாகி மனிதர்களை வாட்டியதும் இதே மதுரைச் சீமையில்தான்.

சொல்லிலேயே தொடங்கும் பிழை

'மரபணு' என்ற கலைச்சொல் அழகானது, கூடவே சற்று ஆபத்தானது. 'மரபு' என்றால் வழிவழியாக வரும் ஒழுக்கம், வழக்கம், கலை, இலக்கணம் எல்லாம்தான். அதோடு 'அணு' சேர்ந்ததும், வழக்கமும் கலையும்கூட அணுவாகி உடலில் ஓடுகின்றன என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. ஜீன் என்ற சொல்லை 1909-இல் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோஹான்சன் உருவாக்கியபோது அதில் பண்பாட்டின் சுமை எதுவும் இல்லை. தமிழில் அது வந்து இறங்கிய இடத்தில் 'ரத்தத்தில் ஊறியது', 'குலப்புத்தி', 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' ஆகியவை முன்பே குடியிருந்தன. புதிய சொல் பழைய வீட்டுக்கு வாடகைக்கு வந்ததுபோல் ஆயிற்று.

மரபணு என்பது உடல் புரதங்களைச் செய்வதற்கான செய்முறைக் குறிப்பு. எந்தப் புரதத்தை எப்போது, எவ்வளவு செய்வது என்ற கட்டுப்பாடும் டி.என்.ஏவில் உண்டு. நாதசுர வாசிப்போ சிலம்பமோ வட்டிக்கணக்கோ அதில் எழுதப்படுவதில்லை. கேட்கும் திறன், விரலின் நீளம், மூச்சின் வலு போன்றவற்றில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. வித்துவானின் வீட்டில் பிறந்த பிள்ளை வித்துவானாவது பெரும்பாலும் விடியற்காலையில் எழுப்பி உட்காரவைக்கப்படுவதால்தான்.

உசிலம்பட்டிப் பக்கத்து எம்-130

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோய் எதிர்ப்பியல் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன், மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸுடன் இணைந்து செய்த ஆய்வுகளால் மதுரை உலக மரபியல் வரைபடத்தில் இடம்பெற்றது. 2001-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக இதழில் வெல்ஸ் குழு வெளியிட்ட கட்டுரையில் மத்திய ஆசிய இனக்குழுக்களோடு கள்ளர், சௌராஷ்டிரர், யாதவர் ஆகிய தமிழகக் குழுக்களின் மாதிரிகளும் ஒப்பிடப்பட்டன. அடுத்து வெளிவந்த 'மனிதனின் பயணம்' என்ற வெல்ஸின் நூலும் ஆவணப்படமும் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவரிடம் எம்-130 என்ற அடையாளம் இருப்பதைச் சொல்லின. ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 50,000 முதல் 60,000 ஆண்டுகளுக்கு முன் கடலோரமாக ஆஸ்திரேலியாவரை சென்றவர்களின் தடம் அது என்பது வெல்ஸின் வாதம். 2005-இல் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டத்தில் இந்தியாவுக்கான பொறுப்பு பிச்சப்பனிடம் வந்தது.

செய்தித்தாள்கள் இதை 'இந்தியாவின் முதல் மனிதன்' என்று சுருக்கின. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடக் கவர்ச்சியான வித்து கிடைக்காது. ஆனால் இங்கேதான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்: எம்-130 உண்மையில் எதைச் சொல்கிறது?

அது ஒய் குரோமோசோமில் உள்ள ஓர் எழுத்து மாற்றம். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது; மனிதனின் மொத்த டி.என்.ஏவில் அது ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஒருவருக்குப் பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டியர் 4 பேர், பத்துத் தலைமுறைக்கு முன்னால் கணக்குப்படி 1,024 பேர். அந்த 1,024 பேரில் ஒரே ஒருவரின் வழியைத்தான் ஒய் பின்தொடர்கிறது. மீதி 1,023 பேர், அம்மாவின் அப்பா, அப்பாவின் அம்மா எல்லோரும் சேர்த்து, அந்தச் சோதனைக்குத் தெரிய மாட்டார்கள். தவிர, எம்-130 குடும்பத்தின் வேறொரு கிளை மங்கோலியாவிலும் கசகஸ்தானிலும் மிகப் பரவலாகக் காணப்படுகிறது. உசிலம்பட்டிக்காரரைச் செங்கிஸ்கானின் ஒன்றுவிட்ட உறவினராக்கி ஒருவர் நாவல் எழுதினால், அது 'முதல் மனிதன்' தலைப்பைவிடக் கூடுதல் பொய்யாக இருக்காது.

தமிழ் வாசகருக்கு ஒய் குரோமோசோமை விளக்கப் பாடநூல் தேவையில்லை. பங்காளி வகையறாவும் குலசாமியும் போகும் வழிதான் அதன் வழி. தைலா மரமாகத் தெரியும் குடும்பத்தில் ஒரே ஒரு கொப்பை மட்டும் பிடித்துக்கொண்டு வேர்வரை இறங்குவது அது. பெண் எடுத்த வீடுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் கணக்கிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். தத்துப்பிள்ளை ஒருவர் நடுவில் வந்தால் குலசாமி தொடரும், ஒய் தொடராது. இதில் ஒரு நாவல் இருக்கிறது. 'முதல் மனித'னில் இருப்பது ஒரு தலைப்பு மட்டுமே.

அம்மா வழியில் செல்வது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய் அதை மகனுக்கும் மகளுக்கும் தருகிறாள். மகனிடம் அது நின்றுவிடுகிறது, மகள் அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறாள். மதுரைக்குத் தெற்கேயும் கிழக்கேயும் வாழும் கொண்டையங்கோட்டை மறவரிடம் 'கிளை' தாய்வழியாகவே வருகிறது. ஒரே கிளையைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்தவர்களாகக் கருதப்படுவதால் மணம் செய்வதில்லை. ஆண் தன் தாயின் கிளையைத் தாங்குகிறான், தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. மைட்டோகாண்ட்ரியாவின் விதியும் அதுவே. இந்த ஒற்றுமையைத் தமிழ்ப் புனைவு இன்னும் தொட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஏழாம் அறிவு

ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கி 2011 தீபாவளிக்கு வெளியான 'ஏழாம் அறிவு', மரபணுவைக் கதையின் மையத்தில் வைத்த பெரிய தமிழ்ப்படம். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகக் காட்டப்படும் போதிதர்மரின் வழித்தோன்றலை மரபணுப் பொறியியல் மாணவி ஒருத்தி தேடுகிறாள். சர்க்கஸ் கலைஞன் ஒருவன் கிடைக்கிறான். அவனுக்குள் உறங்கும் போதிதர்மரின் மரபணுவைத் தூண்டினால் மருத்துவமும் தற்காப்புக் கலையும் திரும்பிவரும் என்பது கதையின் அடிப்படை.

இதில் மூன்று பிழைகள் அடுக்காக உள்ளன. கற்ற வித்தை விந்திலும் கருமுட்டையிலும் பதிவதில்லை என்பது முதலாவது. இரண்டாவது, கணக்கு சார்ந்தது. போதிதர்மருக்கும் இன்றைக்கும் இடையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைமுறைகள் உள்ளன. ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ வெட்டி ஒட்டப்பட்டுப் பாதியாகக் குறைகிறது. பத்துத் தலைமுறைக்கு முந்தைய மூதாதையரிலேயே ஏறத்தாழ பாதிப் பேரிடமிருந்து ஒருவருக்கு ஒரு துண்டு டி.என்.ஏகூட வந்திருக்காது. ஐம்பது தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் வழித்தோன்றலாக இருந்தும் அவருடைய டி.என்.ஏ எதையும் சுமக்காமல் இருப்பதே பெரும்பான்மையினரின் நிலை. மூன்றாவது பிழை இதன் மறுபக்கம். அவ்வளவு பழைய மனிதர் ஒருவருக்கு வழித்தோன்றல்கள் இருந்தால், அவர்கள் இன்று ஒருவராக இருக்க மாட்டார்கள், பல லட்சம் பேராக இருப்பார்கள். 'அந்த ஒருவன்' என்பது மரபியலில் கிடையாது. அது ராஜா கதையில் வருவது.

அறிவியல் பிழைக்காக மட்டும் ஒரு படத்தைக் குறை சொல்வது சிறுபிள்ளைத்தனம். நம்முடைய அறிவை நாமே மறந்துவிட்டோம் என்ற கோபம் இப்படத்தில் உண்மையானது. ஆனால் மறந்த அறிவை ரத்தத்தில் போட்டுவிட்டதால் அதை யாரும் கற்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. நாயகன் சர்க்கஸ் கலைஞன். கயிற்றிலும் கம்பியிலும் உடலைப் பழக்கப் பல ஆண்டுகள் ஆகும். அவன் தானாக உழைத்துப் பெற்ற அந்த வித்தையைப் படம் பொருட்படுத்தவே இல்லை. கனவிலும் அறியாத மூதாதையின் வித்தைதான் அவனை நாயகனாக்குகிறது. படத்தின் உண்மையான தோல்வி இது.

இவ்விடத்தில் எபிஜெனடிக்ஸ் பற்றிய கேள்வி வரும். அனுபவம் மரபணுவின் மேல் தடம் பதிக்கும் என்கிறார்களே என்று எழுத்தாளர்கள் கேட்கலாம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவான பிள்ளைகளின் டி.என்.ஏ மீது படிந்த வேதிக் குறிகளில் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வேறுபாடு தெரிந்தது. அது உடலின் வளர்ச்சியும் வளர்சிதையும் சார்ந்த விஷயம். நினைவோ கலையோ அல்ல. மனிதரில் அது பேரன் பேத்திவரை செல்கிறது என்பதற்கு உறுதியான சான்று குறைவு. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது மதுரைச் சீமையில் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்த பிள்ளையின் உடலில் பசி என்ன செய்திருக்கும்? போதிதர்மரைவிட இது எழுதத் தகுந்த பொருள்.

ரேகைச் சட்டம்

'ரத்தத்தில் வருவது' என்ற எண்ணம் தீங்கற்ற பெருமைதானே என்று கேட்பவர்களுக்கு உசிலம்பட்டி வட்டாரமே பதில். 1871-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தச்சன் மகன் தச்சனாவதுபோல் திருடன் மகன் திருடனாவான் என்பதே அதன் தர்க்கம். 1911-இல் திருத்தி எழுதப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914 முதல் படிப்படியாகப் பிரமலைக் கள்ளர் மீது ஏவப்பட்டது. குற்றம் செய்தாரா என்ற கேள்வியே இல்லை. அக்குடியில் பிறந்த வயதுவந்த ஆண் என்றால் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்துக்கு வர வேண்டும், வெளியூர் செல்லச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது.

அந்த அதிகாரிகளுக்கு மரபணு என்ற சொல் தெரியாது, தேவையும் இருக்கவில்லை. குணமும் தொழிலும் பிறப்போடு வரும் என்ற நம்பிக்கை போதுமானதாக இருந்தது. எண்பது ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில் ரத்த மாதிரி எடுத்தபோது வந்த செய்தி பெருமையான செய்தி. ஆனால் 'இவர்கள் ரத்தத்தில் குற்றம் உண்டு' என்றதும் 'இவர்கள் ரத்தத்தில் முதல் மனிதன் உண்டு' என்றதும் ஒரே இலக்கணத்தில் அமைந்த வாக்கியங்கள். பின்னதை நம்பப் பழகிய வாசகருக்கு முன்னதை மறுக்கும் வழி அடைபட்டுப்போகிறது. சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) இவ்வட்டாரக் களவையும் காவலையும் எழுதும்போது அவற்றைப் பயிற்சியாகவும், நிலத்தோடும் அரசோடும் உள்ள உறவாகவும் காட்டுகிறது. இருட்டில் நடக்கக் கற்பதும் சத்தத்தைப் பிரித்தறியக் கற்பதும் அதில் பாடங்கள். மரபணு என்ற சொல்லே இல்லாத அந்த நாவல், மரபியலுக்கு 'ஏழாம் அறி'வைவிட நெருக்கமாக இருக்கிறது.

1871 என்ற ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. எமிலி ஸோலா தன் ரூகோன்-மக்கார் நாவல் வரிசையின் முதல் நூலை வெளியிட்ட ஆண்டும் அதுவே. 1893 வரை 20 நாவல்களில் ஒரே குடும்பத்தின் குடிப்பழக்கமும் வெறியும் நோயும் எப்படி இறங்கிவருகின்றன என்று அவர் எழுதினார். அதற்கு அவர் நம்பியது பிராஸ்பர் லூக்கா என்ற பிரெஞ்சு மருத்துவரின் பரம்பரைக் கொள்கை. அக்கொள்கை தவறு. மெண்டலின் பட்டாணிச் செடிக் கட்டுரை 1866-இலேயே அச்சாகிவிட்டது. 1900 வரை அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆனாலும் ஸோலாவின் நாவல்கள் நிற்கின்றன. சுரங்கமும் சந்தையும் வறுமையும் மனிதர்களை என்ன செய்கின்றன என்பதைக் கொள்கைக்கு அடங்காமல் அவர் பார்த்து எழுதியதே காரணம். தப்பான மரபியல் நாவலைக் கொல்வதில்லை. மரபியலைச் சொல்லிவிட்டுப் பார்ப்பதை நிறுத்திவிடுவதுதான் கொல்கிறது.

பதில் சொன்னவர்

தமிழில் அறிவியல் கேள்விகளுக்குப் பொதுவாசகருக்காகப் பதில் சொன்ன கதைக்காரர் சுஜாதா. ஜூனியர் விகடனில் வந்த 'ஏன்? எதற்கு? எப்படி?' ஒரு தலைமுறையின் அறிவியல் ஆசிரியர். மனித மரபணுத் தொகுதியைப் பற்றி 'ஜீனோம்' என்ற சிறுநூலும் எழுதினார். ('என் இனிய இயந்திரா'வில் வரும் நாயின் பெயர் ஜீனோ என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) அவர் பதில்கள் சுருக்கமானவை, வேடிக்கையானவை, பெரும்பாலும் சரியானவை. குறை வேறிடத்தில் உள்ளது. அவர் அறிவியலை வியப்பாகக் கொடுத்தார். வாசகர் ஒரு தகவலோடு திரும்பினார். மாமன் மகளைக் கட்டிய வீட்டில் அந்தத் தகவல் என்ன செய்யும் என்பது அவர் பத்திகளின் எல்லைக்கு வெளியே இருந்தது. அமெரிக்காவில் தேசிய அறிவியல் கழகம் 2008 முதல் திரைக்கதை எழுதுபவர்களையும் அறிவியலாளர்களையும் நேரடியாக இணைத்துவருகிறது. தமிழ்த் திரைக்கும் எழுத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு அமையவில்லை.

மாமன் மகள், சுங்குடி, ரத்த குரூப்

சொந்தத்தில் திருமணம் தமிழ்ப் புனைவின் நிரந்தரக் கதைக்களம். மரபணு வந்ததும் அது தண்டனைக் களமாக மாறியது: முறைப்பெண்ணைக் கட்டினால் குறையோடு பிள்ளை பிறக்கும் என்ற மருத்துவரின் வசனம். கணக்கு அவ்வளவு நேரானதல்ல. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 16-இல் 1 வாய்ப்பு. தாய்மாமனையே மணந்தால் 8-இல் 1. யாருடைய திருமணத்திலும் பிறவிக் குறைக்கான வாய்ப்பு 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது. மாமன் மகள் திருமணத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதாவது நூற்றில் தொண்ணூற்று நான்குக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நலமாகப் பிறக்கிறார்கள். சொந்தத்தில் கட்டி நலமான பிள்ளைகளைப் பெற்ற அக்காவும், அதே வீட்டில் கட்டிக் காது கேளாத பிள்ளையைப் பெற்ற தங்கையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பதுதான் உண்மை நிலை. தண்டனைக் கதைக்கு அந்தத் திண்ணை தெரிவதில்லை.

'நாலில் ஒன்று' என்பதும் தவறாகவே எழுதப்படுகிறது. பெற்றோர் இருவரும் ஒரே ஒடுங்கு மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியாக நாலில் ஒரு வாய்ப்பு. மூன்று பிள்ளை நலமாக இருந்தால் நான்காவது கட்டாயம் பாதிக்கப்படும் என்பதோ, முதல் பிள்ளை பாதிக்கப்பட்டால் அடுத்த மூன்றுக்கும் பயமில்லை என்பதோ இல்லை. சீட்டுக்கட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைக்கப்படுகிறது.

நிறக்குருடு எழுத்தாளருக்கு இன்னும் நல்ல பொருள். சிவப்பு-பச்சை நிறக்குருட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அது தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வரும். நடுவில் மகளுக்கு எதுவும் தெரியாது. மதுரையில் சுங்குடிக்குச் சாயம் போடும் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். பையனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பா வழியில் யாருக்கும் இல்லை, எல்லோரும் சாயக்காரர்கள். குற்றம் மருமகள் மேல் வரும். அவளுடைய அப்பா வேறு தொழில் செய்தவர், நிறம் தெரியாது என்பதை வாழ்நாளெல்லாம் யாரிடமும் சொல்லாதவர். பெண்ணுக்கு நிறக்குருடு வருவது அரிது, ஆனால் அரிதை நெருங்கவைப்பதும் நம் திருமணமுறையே. நிறக்குருடு உள்ள ஒருவர் தன் அக்காள் மகளை மணந்தால், அவர்களுக்குப் பிறக்கும் மகளுக்கு அது வர 8-இல் 1 வாய்ப்பு.

1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவு, குழந்தைகளின் விழித்திரைப் புற்றான ரெட்டினோபிளாஸ்டோமாவின் மரபியலையும் ஆராய்ந்துவருகிறது. கைபேசியில் எடுத்த படத்தில் பிள்ளையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடுவது இந்நோயின் அறிகுறிகளில் ஒன்று. சிறுவயதில் ஒரு கண்ணை இழந்து பிழைத்த ஒருவரிடம் அந்தப் பிறழ்வு உடல் முழுவதும் இருந்தால், அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் தன் குழந்தையை முதல் முறை படம் எடுக்கும் கணம் எந்த வில்லனும் இல்லாமலே போதுமானது.

தந்தை யார் என்ற கேள்வி பழையது. தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) அதைச் சோதனைச்சாலை இல்லாமலே எழுதியது. வீட்டில் எல்லோரும் அறிந்ததை யாரும் பேசாமல் இருப்பதில் அந்நாவலின் வெப்பம் உள்ளது. பின்னால் வந்த படங்களிலும் தொடர்களிலும் ரத்த குரூப் வந்தது, அதன்பின் டி.என்.ஏ ரிப்போர்ட். ரத்த குரூப் ஒருவரை விலக்கலாம், தந்தை என்று நிரூபிக்காது. விலக்குவதிலும் பொறி உண்டு. 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்ட 'பம்பாய் குரூப்' உள்ளவர் சாதாரணச் சோதனையில் 'ஓ' என்று தெரிவார். உள்ளே 'ஏ' அல்லது 'பி' மரபணு மறைந்திருக்கும். அவருக்கு 'பி' பிள்ளை பிறக்கலாம், மனைவியும் 'ஓ' என்றாலும். ஒரு சோதனைச் சீட்டு குடும்பத்தைப் பிரித்துவிட்டு, இருபது ஆண்டு கழித்து இன்னொரு சீட்டு முதல் சீட்டைப் பொய்யாக்குவது நடக்கக்கூடியது.

நீதிமன்றக் காட்சிகளில் வழக்கறிஞர் கேட்டதும் டி.என்.ஏ சோதனைக்கு உத்தரவு வந்துவிடுகிறது. நடைமுறை வேறு. செல்லத்தக்க திருமணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த பிள்ளை கணவனின் பிள்ளையே என்பதை 1872 சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு முடிவான சான்றாக வைத்தது. இன்றைய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. இத்தகைய சோதனைகளை வழக்கமாக உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. 2014-இல் வேறொரு வழக்கில் டி.என்.ஏ முடிவையே ஏற்றது. பிள்ளையின் மானத்துக்காக உண்மையைக் கேட்காமல் இருக்கச் சட்டமே முடிவு செய்ததும், பிறகு தயங்கியதும், உறையைப் பிரித்து ரிப்போர்ட்டை வாசிக்கும் கடைசிக் காட்சியைவிட ஆழமான நாடகம்.

சாதி

சோதனை சாதியைச் சொல்லுமா என்ற கேள்விக்கு வருவோம். சாதியின் பெயர் எந்த மரபணுவிலும் இல்லை. உயர்வும் தாழ்வும் இல்லை. நெடுங்காலம் தமக்குள்ளேயே மணம் செய்த குழு என்றால் அதன் தடயம் தெரியும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வின்படி இந்தியாவில் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை குழுக்கள் பரவலாகக் கலந்தன. அதன்பின்தான் அகமணம் இறுகியது. பிச்சப்பன் குழு 2012-இல் தமிழ்நாட்டின் 12 பழங்குடிக் குழுக்களையும் 19 பிற குழுக்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு, வேறுபாடுகள் சாதி அமைப்புக்கு முன்பே வேளாண்மை பரவிய காலத்தில் தொடங்கியவை என்று முடிவு செய்தது. அகமணம் பெருமையைவிட நோயையே நன்றாகச் சேமித்துவைக்கிறது. ஆரிய வைசியரில் சிலருக்கு அறுவைசிகிச்சையின்போது தரப்படும் ஒரு தசைத்தளர்வு மருந்தை உடைக்கும் நொதி குறைவாக இருக்கிறது; மருந்தின் பிடி விலக நெடுநேரம் ஆகும். மயக்க மருத்துவர் சாதியைக் கேட்க வேண்டிய, ஆனால் கேட்கக் கூச்சப்படும் அந்தக் கணத்தை எந்தத் தமிழ்க் கதை எழுதியிருக்கிறது?

கொந்தகை

இப்போது எழுத்தாளர்களின் பார்வை கீழடி பக்கம் திரும்பியிருக்கிறது. மதுரையிலிருந்து சில மைல் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அவ்வூருக்கு அருகே கொந்தகையில் ஈமத்தாழிகளும் எலும்புகளும் கிடைத்தன. 'தாழியில் கிடைத்தவரின் வாரிசு இன்று மதுரையில்' என்ற கதை எப்போது வேண்டுமானாலும் வரலாம். எழுதுபவர் இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அரியானாவின் ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒருவரிடமிருந்துதான் பயன்படத்தக்க அளவு டி.என்.ஏ கிடைத்தது, முடிவு 2019-இல் வெளியானது. வெப்பமும் ஈரமும் டி.என்.ஏவைத் தின்றுவிடுகின்றன, தெற்கே நிலைமை இன்னும் கடினம்.

2025-இல் கொந்தகை மண்டையோடுகள் இரண்டிலிருந்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஆண் முகங்கள் வெளியாயின. நெற்றியும் தாடையும் எலும்பு சொன்னவை. தோல், கண், முடியின் நிறம் எலும்பில் இல்லை. அவை இன்று தமிழ்நாட்டில் வாழ்பவர்களைப் பார்த்துத் தீட்டப்பட்டவை. காதுமடலும் எலும்பில் இல்லை.